மேஸ்திரி வீட்டு ஆமென்

அந்த வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் சண்டை போட்டு நான் பார்த்ததில்லை. ஜெபம் பண்ணித்தான் பார்த்திருக்கிறேன்.

ஆம்பூரில் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் அவர்கள் வீடு. அவர் தோல் பதனிடும் ஒரு ஷாப்பில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த அம்மா வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை பார்த்தவர். தினமும் ரயிலில் போய் வந்தே தலை நரைத்தது என்பார். தெருவுக்கு அவர் மேஸ்திரி, இவர் சிஸ்டரம்மா. இருவருக்கும் நல்ல வேதாகமப் பெயர்கள் உண்டு. ஆனால் அந்தப் பெயர்களைச் சொல்லிக் கூப்பிட்டால் அவர்களே திரும்பிப் பார்ப்பார்களா என்பது சந்தேகம்.

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஊர் ஒடுகத்தூர் பக்கம். லாரியில் கிளீனர், பெங்களூரில் ஓட்டல், திருப்பூரில் சாயப்பட்டறை என்று சுற்றியவன். கொரோனா அடங்கிய பிறகு ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் பேஸ்டிங் செக்‌ஷனுக்கு ஆள் எடுத்தார்கள். அட்டைக்கும் தோலுக்கும் பசை தடவி ஒட்டுகிற வேலை. பசை வாசம் தலைக்கு ஏறிவிடும். சாயங்காலம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வெளியே வரும்போது, பசிக்கிறதா வாந்தி வருகிறதா என்று தெரியாது. சாப்பிட்டுப் பார்த்தால்தான் தெரியும். அப்படிப்பட்ட ஒரு சாயங்காலத்தில்தான் அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டினேன். பின்கட்டில் தகரக் கூரை போட்ட அறை வாடகைக்கு இருக்கிறது என்று டீக்கடையில் சொல்லியிருந்தார்கள்.

சிஸ்டரம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். “ரூம் குடுக்கிறேன். ராத்திரி சாப்பாடு எங்களோடதான். ஆனா ஏழரைக்கு ஜெபம். அதுக்கப்புறம்தான் சோறு.”

“நான் எந்தக் கோயிலுக்கும் போவாதவன்மா.”

“உன்னை இன்னா ஞானஸ்நானமா எடுக்கச் சொன்னேன்? உக்காரு, கண்ணை மூடு, முடிச்சதும் ஆமென் சொல்லு, சாப்புடு.”

உள்ளே ஈஸிசேரில் இருந்த மேஸ்திரி பேப்பரை இறக்காமலே சொன்னார்: “பிடிக்கலைன்னா சொல்ல வேணாம் தம்பி. ஆனா சொன்னா வாய்க்குள்ள முணுமுணுக்கக் கூடாது. வெளிய கேக்கணும்.”

அது எவ்வளவு பெரிய நிபந்தனை என்று அன்றைக்குத் தெரியவில்லை.

பகலில் அவர்கள் பேசுவதைக் கேட்டால் யாருக்கும் தலை சுற்றும். ஒருவர் ஆரம்பித்த வாக்கியத்தை அவரே முடித்து நான் கேட்டதில்லை.

“நேத்து மார்க்கெட்ல...”

“தக்காளி வாங்கல. தெரியும்.”

“வாங்கலைன்னு உனக்கு யாரு...”

“விலை ஜாஸ்தின்னு சொல்லப் போறீங்க. போன வாரமும் அதான் சொன்னீங்க.”

“நீ ஒருத்தன் பேசறதை...”

“கேக்குறேனே, பேசுங்க.”

அவர் பேப்பரை முகத்துக்கு நேராகத் தூக்கிக்கொள்வார். கல்யாணமாகி நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. எதிராளி என்ன சொல்லப்போகிறார் என்பது இருவருக்கும் முன்கூட்டியே தெரியும். அதனால் சொல்ல விடுவது வீண் வேலை என்று இருவருமே நினைத்தார்கள்.

ஆனால் ஜெபத்தில் குறுக்கே பேச முடியாது. ஒருவர் கண்ணை மூடி ஆண்டவரிடம் பேசிக்கொண்டிருக்கும்போது நடுவில் நுழைந்தால் அது பெண்டாட்டியை மதிக்காததோ புருஷனை மதிக்காததோ அல்ல, ஆண்டவரையே மதிக்காதது. ஆகவே முழுசாகச் சொல்லி முடிக்க வேண்டிய விஷயங்களை எல்லாம் இருவரும் ஏழரை மணிக்கு எடுத்து வைத்திருந்தார்கள்.

“அன்பும் இரக்கமும் நிறைந்த எங்கள் பரம பிதாவே” என்று சிஸ்டரம்மா ஆரம்பிப்பார். முதல் பாதி தேவாலயத்தில் கேட்கிற சுத்தமான தமிழ். “இந்த நாள் முழுவதும் எங்களைக் கண்மணியைப் போலக் காத்து நடத்தின உமது தயவுக்காக ஸ்தோத்திரம் செலுத்துகிறோம்.” பிறகு விஷயம் வரும். விஷயம் வந்ததும் தமிழ் ஆம்பூருக்கு இறங்கிவிடும். “ஆண்டவரே, உமக்குத் தெரியாதது ஒண்ணும் இல்ல. இன்னைக்குப் பாய் வீட்டு நிக்காவுல யாரு மக்கன் பேடா சாப்புட்டாங்கன்னு நீர் பாத்திருப்பீர். சர்க்கரை வியாதிய வச்சிக்கினு, தின்னது பத்தாதுன்னு பேப்பர்ல சுத்தி சட்டைப் பையில போட்டுக்கினு வந்ததையும் பாத்தீர். அந்தச் சட்டையத் தோய்க்கிறவ யாருன்னும் நீர் பாத்துக்கினு தானே இருக்கீர்?”

அடுத்து மேஸ்திரியின் முறை. அவருக்குக் கனத்த குரல். ஷாப்பில் தோலைப் போட்டுச் சுற்றுகிற டிரம் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகியது. “கர்த்தாவே, புருஷனுடைய சட்டைப் பையில் கைவிடுகிற சோதனையிலிருந்து இந்த வீட்டுப் பெண்களை விலக்கிக் காத்தருளும்.”

அவர் முடித்ததும் ஆமென் வரவில்லை. இங்கேதான் அந்த வீட்டின் சட்டம் இருந்தது. மற்றவர் ஜெபத்துக்கு ஆமென் சொன்னால், நானும் இதற்குச் சம்மதிக்கிறேன் என்று அர்த்தம். வாயளவில் சொல்லிவிட்டுப் போகிற பழக்கம் இருவருக்கும் கிடையாது. சம்மதம் இல்லையென்றால் ஆமென் வராது. ஆமென் வராத விஷயம் கோர்ட் வாய்தா மாதிரி மறுநாளுக்குப் போகும். சம்மதம்தான், ஆனால் கோபம் தீரவில்லை என்றால் தொண்டையைச் செருமிக்கொண்டு ஓர் அரை ஆமென் வரும். மக்கன் பேடா வழக்குக்கு மேஸ்திரி நாலாம் நாள் ஓர் அரை ஆமென் கொடுத்தார். சிஸ்டரம்மா அன்றைக்கு அவருக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு வைத்தார்.

என் பெயரும் அதில் அடிபடும். “பின்னாடி ரூம்ல இருக்கிற எங்க தம்பிக்கு ஃபேன் சுவிட்சு எங்க இருக்குதுன்னு காட்டியருளும். ஆள் இல்லாத ரூமுக்குக் காத்து எதுக்கு ஆண்டவரே?” நான் பசியில் யோசிக்காமல் பலமாக ஆமென் சொல்லிவிட்டேன். மேஸ்திரி கண்ணை மூடிக்கொண்டே சிரித்தார்.

இந்த ஜெபம் பக்கத்து வீட்டுக்கும் கேட்கும். அங்கே இருந்தவர் ஒரு பீபியம்மா. மூட்டுவலிக்காரர், வாய்க்கு வலி இல்லை. காலையில் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வரும்.

“இன்னா சிஸ்டரம்மா, ரெண்டு நாளா நம்ப பேரையே எடுக்கல? கோவமா?”

“உனக்கு இன்னா கொறைச்சல்? முட்டிவலி கம்மியாயிடுச்சி, மருமவ ஊர்லேருந்து வந்துட்டா.”

“அரே, மருமவ வந்துட்டதுக்குத்தானே துவா பண்ணணும்!”

அன்று ஏழரைக்குப் பீபியம்மாவின் மருமகள் ஜெபத்தில் வந்தாள். மாமியாருக்கு நல்ல புத்தி தரும்படியாக. சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரம் ஒன்று கீழே வைக்கப்படும் சத்தம் கேட்டது, கொஞ்சம் வேகமாகவே.

விளையாட்டு மட்டும்தான் என்று நினைத்துவிடக் கூடாது. பீபியம்மாவே ஒருநாள் என்னிடம் சொன்னார். கொரோனா சமயத்தில் அவர் வீட்டுக்காரர் இறந்தபோது சொந்தக்காரர்கள் யாரும் வர முடியவில்லை. உடலைக் கபரஸ்தானுக்குக் கொண்டுபோகும்போது முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு மேஸ்திரி பின்னாலேயே நடந்தாராம். கபரஸ்தான் வாசலில் நின்று எல்லாம் முடிகிறவரை கையைக் கட்டிக்கொண்டிருந்தாராம். சிஸ்டரம்மா அன்று தொடங்கி நாற்பதாம் நாள் வரை இந்தப் பக்கமிருந்து சோறு கொடுத்தாராம். “அந்தச் சோத்துல உப்பு மட்டும் கம்மி” என்று சொல்லிவிட்டுப் பீபியம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

எனக்கும் டைபாய்டு வந்தது. கம்பெனியில் லீவு கேட்டால் ஆளை மாற்றிவிடுவார்கள், மாற்றிவிட்டார்கள். அறையில் கிடந்தேன். சிஸ்டரம்மா ஈரத்துணி போட்டார். கஞ்சியா ரசமா என்று இருவரும் என் தலைமாட்டில் உட்கார்ந்து ஜெபம் பண்ணினார்கள். எனக்கு இரண்டுமே கிடைத்தது. தேறியதும் மேஸ்திரி பழைய சிநேகிதர் ஒருவரைப் பிடித்து வேறொரு கம்பெனியில் சேர்த்துவிட்டார். எனக்கு யாரும் அதுவரை வேலைக்குச் சிபாரிசு பண்ணியதில்லை. எப்படி நன்றி சொல்வது என்று தெரியாமல் அன்று ஃபேனை மறக்காமல் அணைத்தேன்.

இனி கிணற்று விஷயம்.

அவர்கள் வீட்டுப் பின்கட்டில் ஒரு பக்கம் என் அறை. இன்னொரு பக்கம் ஓர் உறைகிணறு. தோல் தொழில் நடக்கிற ஊர்களில் தண்ணீர் எப்படி இருக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அந்தத் தெருவில் எங்கே போர் போட்டாலும் உப்பு. அதில் டீ போட்டால் பால் திரியும், சோப்பு நுரைக்காது. இந்தக் கிணறு மட்டும் இனிப்பு. கீழே பாறை இருப்பதால் என்பார் மேஸ்திரி. ஆண்டவர் கிருபை என்பார் சிஸ்டரம்மா. வெட்டும்போது தன் மாமனார் ஓதிய துவா என்பார் பீபியம்மா. காரணம் எதுவானாலும் காலையில் தெருவே குடத்தோடு அங்கே நிற்கும். நோன்பு மாதத்தில் கஞ்சிக்கு அந்தத் தண்ணீர்தான், கிறிஸ்துமஸ் கேக்குக்கும் அதுதான். சிஸ்டரம்மா கிணற்றடியில் நின்றால் ஆஸ்பத்திரி வார்டு மாதிரி ஒழுங்கு இருக்கும். குடத்தைச் சுவர் மேல் வைக்கக் கூடாது, வெற்றிலை போட்ட வாயோடு எட்டிப் பார்க்கக் கூடாது, கர்ப்பிணிப் பெண் இறைக்கக் கூடாது, அவளுக்கு யாராவது இறைத்துக் கொடுக்க வேண்டும்.

அவர்களுக்கு ஒரே பெண். இரண்டு குழந்தைகளுக்குத் தாய் ஆன பிறகும் வீட்டில் பாப்பாதான். வாணியம்பாடியில் வாடகை வீட்டில் இருந்தாள். மருமகன் வேலை பார்த்த இடம் மூடிவிட்டது. அவர் கல்ஃபுக்குப் போய்விட்டார். பாப்பா பிள்ளைகளோடு அப்பா வீட்டுக்கே வந்துவிடுவது என்று முடிவாயிற்று. ஜூனில் பள்ளிக்கூடம் திறப்பதற்குள் வந்தாக வேண்டும். வீடோ ஒரு ஹாலும் ஒரு ரூமும்தான். பின்கட்டில் கிணற்றை மூடி அந்த இடத்தில் இரண்டு அறை எழுப்பலாம் என்றார் மேஸ்திரி. கிணற்றில் கை வைக்கக் கூடாது என்றார் சிஸ்டரம்மா. பகலில் இது பற்றிப் பேச ஆரம்பித்தால் இருவருக்கும் பாதி வாக்கியம்தான் கிடைத்தது. ஆகவே ஏழரைக்குப் போயிற்று.

“பரம தகப்பனே, ஒரே மக. கொழந்தைங்க ரெண்டும் படுக்க எடமில்லாம கஷ்டப்படுது. ஊருக்கெல்லாம் தண்ணி ஊத்துறவ பெத்த மகளுக்கு நிழல் குடுக்க மாட்டேங்கிறா. அவளுடைய கல்லான இருதயத்தை...”

அவர் முடித்ததும் ஆமென் இல்லை.

“பிதாவே, இந்தத் தெருவு ஜனங்களுக்கு வாய் நனைக்க வேற தண்ணி இல்லைன்னு நீர் அறிவீர். உம்ம பேரைச் சொல்லி வெட்டின கெணறு இது. மக மேல பாசம் ஜாஸ்தியாயி கண்ணு மறைஞ்சிபோன இந்த மனுசனுக்கு...”

அதற்கும் ஆமென் இல்லை.

வாரக்கணக்கில் இப்படிப் போயிற்று. அப்போதுதான் என் ஆமெனுக்கு மதிப்பு வந்தது. மூன்று பேர் உட்கார்கிறோம். இரண்டு பேர் எதிரெதிரே. மூன்றாவது ஆமென் எந்தப் பக்கம் விழுகிறதோ அந்தப் பக்கம் கனம். முதலில் சிஸ்டரம்மா என் தட்டில் சோற்றுக்கு அடியில் முட்டை ஒன்றை மறைத்து வைத்தார். மறுநாள் மேஸ்திரி என்னைக் கடைத்தெருவுக்குக் கூட்டிப்போய்ப் பீப் ஃப்ரை வாங்கிக் கொடுத்தார். “சும்மா சாப்புடு தம்பி. ஒடம்பு தேறணும்ல” என்றார். அப்புறம் பல் குத்திக்கொண்டே, “பாப்பா சின்ன வயசுல ரொம்ப நோஞ்சான்” என்றார்.

நான் ஒரு நாள் அந்தப் பக்கமும் ஒரு நாள் இந்தப் பக்கமும் ஆமென் சொல்லி உடம்பைத் தேற்றிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வந்த பாப்பா இதைக் கேள்விப்பட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். “எனக்கு ரூமும் வேணாம், கெணறும் வேணாம். ரெண்டு பேரும் மொதல்ல ஆண்டவரை வுடுங்க. அவருக்கு வேற ஊரே இல்லையா?”

ஆனால் அவள் முகம் வாடித்தான் இருந்தது. வாணியம்பாடி வீட்டின் சொந்தக்காரர் காலி பண்ணச் சொல்லிவிட்டார் என்பதை அப்பாவிடம் சொல்லாமல் அம்மாவிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

அந்த வாரம் சிஸ்டரம்மா வாணியம்பாடிக்குப் போய் ஒரு ராத்திரி தங்கி வந்தார். அவர் இல்லாத அந்த ஒரு காலையில் கிணற்றடியை மேஸ்திரி பார்த்துக்கொண்டார். குடத்தோடு வந்த பீபியம்மா முட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து அவரே இறைத்து ஊற்றினாராம். அடுத்தவருக்கும் ஊற்றினாராம். கடைசி ஆள் போகிறவரை கயிற்றை விடவில்லையாம். பீபியம்மாதான் சொன்னார்: “மேஸ்திரி அத்தினி வருசமா அந்தம்மா நிக்கிற எடத்துல நின்னுக்கினு, எல்லார் மூஞ்சியையும் பாத்துக்கினே இருந்தாரு.”

அன்று மாலை ஜெபத்தில் மேஸ்திரி முதலில் ஆரம்பித்தார். “கர்த்தாவே, அந்தக் கெணறு உம்முடையது. அதை மூடுறதுக்கு நான் யாரு? அது அப்படியே இருக்கட்டும்.”

நான் கண்ணைத் திறந்துவிட்டேன். சிஸ்டரம்மாவும் திறந்திருந்தார். அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை. பஸ்ஸைத் தவறவிட்டவர் மாதிரி ஒரு முழிப்பு. உடனே கண்ணை மூடிக்கொண்டு வேகமாக ஆரம்பித்தார்.

“பிதாவே, நேத்து என் கண்ணால பாத்துட்டு வந்தேன். கொழந்தைங்க ரெண்டும் வாசப்படிகிட்ட கால நீட்டாம சுருண்டு படுத்திருக்குது. என் வீம்பை மன்னியும். கெணத்தை மூடிடுறோம்.”

அவர் ஜெபத்துக்கு மேஸ்திரி ஆமென் சொல்லவில்லை. மேஸ்திரியின் ஜெபத்துக்கு அவரும் சொல்லவில்லை. நேற்று வரை மேஸ்திரி கட்சியில் பீப் ஃப்ரை தின்றவன் இன்றைக்கு எந்தக் கட்சிக்கு ஆமென் சொல்வது? நான் தண்ணீரை எடுத்துக் குடித்தேன்.

சாப்பிடும்போது சிஸ்டரம்மா கேட்டார். “எனக்காக வுட்டுக் குடுக்கிறீங்களா?”

“உனக்காக யாரு வுட்டாங்க? ஆண்டவர் என்கிட்ட சொன்னாரு.”

“எனக்கு வேற மாதிரி சொன்னாரே.”

“ஆளுக்கு ஒண்ணா சொல்லி அலைய வுடுறதுக்கு அவரு இன்னா தாலுகா ஆபீசா?”

“அப்ப நான் பொய் சொல்றேனா?”

“நான் அப்பிடிச்...”

“சொல்லல. ஆனா நெனைச்சீங்க.”

சண்டை தீரவில்லை. ஆட்கள் மட்டும் இடம் மாறி உட்கார்ந்திருந்தார்கள். இப்போது அவர் கிணற்றுக்காகவும் இவர் மகளுக்காகவும் முன்னைவிடப் பிடிவாதமாக ஜெபம் பண்ணினார்கள். எதிராளிக்குப் பிடித்ததை அவருக்கே கொடுத்துவிட வேண்டும் என்று இருவருக்கும் வீம்பு. வெயில் ஏறிக்கொண்டே போயிற்று. பள்ளிக்கூடம் திறக்கிற நாள் நெருங்கியது. பாப்பா சாமானைக் கட்டி வைத்துவிட்டாள்.

கடைசியில் கொத்தனார் ஒருவரை அழைத்தார்கள். அவர் சொல்கிறபடி செய்துவிடுவது என்று பேச்சு. நான் ஷிஃப்ட் முடிந்து அறைக்குள் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தேன். வெளியே பேசுவது கேட்டது.

“கெணத்தை ஏன் சார் தொடுறீங்க?” என்றார் கொத்தனார். “மூடுனாலும் மண்ணு இறங்கிக்கினே இருக்கும், மேல கட்டினா செவுரு விரிசல் வுடும். அந்தத் தகர ரூமை இடிங்க. கீழ ஒண்ணு மேல ஒண்ணுன்னு சுளுவா கட்டிடலாம்.”

“அதுல தம்பி இருக்கான்” என்றார் மேஸ்திரி.

“அதுல தம்பி இருக்கான்” என்றார் சிஸ்டரம்மாவும், அதே மூச்சில்.

“வாடகைக்காரர்தானே? வேற எடம் பாத்துக்குவாரு.”

“நீ டேப்பைச் சுத்தி எடுத்துக்கினு கெளம்புப்பா” என்றார் மேஸ்திரி. அவர்கள் சேர்ந்து ஒரே பேச்சாகப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

நான் கட்டிலில் உட்கார்ந்தேன். இத்தனை வாரமாகக் கிணற்றையும் மகளையும் ஆண்டவர் முன்னால் மாற்றி மாற்றி வைத்தார்கள். வருகிற எல்லோருக்கும் கண்ணில் படுகிற இந்த மூன்றாவது வழியை ஒருவர்கூட ஆண்டவரிடம் எடுக்கவில்லை. எடுத்தால் நான் அங்கே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். கேட்டுவிட்டு ஆமெனும் சொல்லிவிடுவேன். அதற்குப் பயந்திருக்கிறார்கள்.

எனக்கு அறை ஒரு பொருட்டே இல்லை. பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் தூங்கியிருக்கிறேன், லாரிக்கு அடியில் தூங்கியிருக்கிறேன். ராணிப்பேட்டையில் ஒரு தோஸ்த் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். ஆனாலும் அன்று சட்டையை மாட்ட ரொம்ப நேரம் ஆயிற்று.

ஏழரைக்கு இருவரும் முடித்ததும், “நான் ஒண்ணு சொல்லிக்கலாமா?” என்றேன்.

மேஸ்திரிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. என்னை ஆண்டவர் தொட்டுவிட்டார் என்று நினைத்திருக்க வேண்டும். “சொல்லு தம்பி, தாராளமா சொல்லு.”

கண்ணை மூடினேன். “பரம பிதாவே, எனக்கு உங்ககூடப் பேசிப் பழக்கம் இல்ல. இவங்க பேசறதைக் கேட்டுக் கத்துக்கினதுதான். நான் ராணிப்பேட்டை போறேன். என் ரூமை இடிச்சிட்டு பாப்பாவுக்குக் கட்டட்டும். கெணறு இருக்கட்டும். அவ்ளோதான்.”

ஆமென் வருமென்று காத்திருந்தேன். வரவில்லை. கண்ணைத் திறந்தேன். இருவரும் மருந்துக்கு வாய் திறக்காத குழந்தைகள் மாதிரி கண்ணையும் வாயையும் இறுக்கி மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

“அம்மா, முடிச்சிட்டேன்.”

“நீ முடிச்சா ஆச்சா? நாங்க ஆமென் சொல்லல.”

“அப்ப சோறு?”

சிஸ்டரம்மா எழுந்து போய்த் தட்டை எடுத்து வந்தார். “சோறு வேற” என்றார். ஆமென் வேறு, சோறு வேறு என்று அவர் வாயால் கேட்டது அன்றைக்குத்தான்.

மறுநாளும் அதே ஜெபம் பண்ணினேன். அதற்கு மறுநாளும் பண்ணினேன். சட்டம் அவர்கள் போட்டது, வோட்டு இரண்டுக்கு ஒன்று. பாப்பா போனில் கேட்டுவிட்டு, “நாப்பது வருசத்துல இப்பத்தான் ரெண்டு பேரும் ஒரே கட்சி. அண்ணே, நீங்க ஜெயிக்கவே முடியாது” என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். போனை வைக்கும் முன், “வீட்டு ஓனர் சாவியக் கேக்குறாரு” என்றாள்.

ஜெபத்தில் ஜெயிக்க முடியாது என்று தெரிந்தது. அடுத்த நாள் கம்பெனி லீவு. ஸ்பேனர் ஒன்றை வாங்கிக்கொண்டு என் அறைக் கூரைமேல் ஏறினேன். கூரை இல்லாத அறையில் வாடகைக்காரன் இருக்க முடியாது அல்லவா? ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றினேன். துரு ஏறி இருந்ததால் நேரம் ஆயிற்று. தண்ணீர் எடுக்க வந்தவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். சிஸ்டரம்மா கீழே நின்று, “இறங்குடா! நான் இன்னா சொல்றேன், இறங்கு!” என்று கத்தினார். அதுவரை அவர் என்னை ‘டா’ போட்டதில்லை.

மேஸ்திரி ரொம்ப நேரம் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தார். முதல் தகரத்தைத் தூக்கினேன்; அறைக்குள் வெயில் விழுந்தது. அவர் மெல்ல நடந்து வந்து ஏணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“ஏணி ஆடுது தம்பி. பாத்து” என்றார்.

நான் கிளம்பிய அன்று பஸ் ஸ்டாண்டு வரை இருவரும் வந்தார்கள். வர வேண்டாம் என்று சொல்ல ஆரம்பித்தேன். அந்த வீட்டில் இருந்து இருந்து எனக்கும் பாதி வாக்கியம்தான் கிடைத்தது. வேலூர் போய்த்தான் ராணிப்பேட்டைக்கு மாற வேண்டும். தாடி வைத்த கண்டக்டர் வேலூர், வேலூர் என்று கூவிக்கொண்டிருந்தார். நான் படியில் கால் வைத்ததும் மேஸ்திரி என் கையைப் பிடித்துக்கொண்டார். அங்கேயே, படியிலேயே ஆரம்பித்துவிட்டார்.

“அன்பும் கிருபையும் நிறைந்த எங்கள் பரம பிதாவே...”

பின்னால் ஏற வந்தவர்கள் நின்றார்கள். கண்டக்டர் விசிலை வாயில் வைத்தார், மேஸ்திரியின் மூடிய கண்ணைப் பார்த்தார், விசிலை எடுத்துவிட்டார். மேஸ்திரி பஸ்ஸுக்காகவும் டிரைவருக்காகவும் ராணிப்பேட்டை முதலாளிகளின் மனது இளகவும் வேண்டிக்கொண்டார். அவர் முடித்ததும் சிஸ்டரம்மா தொடங்கினார். நான் ஈரத்தரையில் படுக்கக் கூடாது. கண்ட ஓட்டலில் புரோட்டா தின்னக் கூடாது. மாத்திரையை நடுவில் நிறுத்தக் கூடாது. எனக்கு ஒரு நல்ல பெண் அமைய வேண்டும், அவளுக்குப் பொறுமை நிறைய இருக்க வேண்டும். டிரைவர் ஹாரன் அடித்தார். ஜெபம் அதற்கு மேலே போயிற்று.

“...இந்தப் பிள்ளைய எங்க கையிலேருந்து உம்ம கையில ஒப்புக்கொடுக்கிறோம் பிதாவே.”

நின்றுவிட்டார். இருவரும் கண்ணைத் திறக்கவில்லை. ஆமெனும் சொல்லவில்லை. சொன்னால் நான் போகிறேன் என்று ஆகிவிடும். என் கை இன்னும் மேஸ்திரியின் பிடியில் இருந்தது. நான் அதை இழுத்துக்கொள்ளவில்லை. பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லோரும் ஜன்னல் வழியே எங்களையே பார்த்தார்கள்.

கண்டக்டர் எங்கள் மூவரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். டிக்கெட் மிஷினைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இரண்டு உள்ளங்கையையும் விரித்து முகத்துக்கு நேரே பிடித்தார்.

“ஆமீன்” என்றார், பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி. கையால் முகத்தைத் தடவிக்கொண்டு விசிலை ஊதினார்.

பஸ் நகர்ந்தது. கை விடுபட்டது. சிஸ்டரம்மா கண்ணைத் திறந்து, புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பஸ்ஸின் கூடவே வேகமாக நடந்து வந்தார்.

“யோவ் கண்டக்டர், நான் இன்னும் முடிக்கலய்யா!”